கடல் தரையில் எழுந்த நகரம் அல்மேரே

நெதர்லாந்தின் தலைநகரான ஆம்ஸ்டர்டாமிலிருந்து ரயிலில் ஏறினால் சுமார் அரை மணி நேரத்தில் அல்மேரே வந்துவிடும். இரண்டு லட்சத்துக்கும் அதிகமான மக்கள் அங்கே வாழ்கிறார்கள். காலையில் ஆம்ஸ்டர்டாமுக்கும் சுற்றியுள்ள ஊர்களுக்கும் வேலைக்குப் போய், மாலையில் வீடு திரும்புகிறவர்கள் அவர்களில் ஏராளம்.

பெருநகரங்களை ஒட்டி இப்படிப்பட்ட ஊர்கள் உலகம் முழுவதும் உண்டு. ஆனால் அல்மேரேவின் கதை வேறு. 1960களின் நடுப்பகுதியில் அந்த இடத்தில் ஒரு வீடு இல்லை, ஒரு மரம் இல்லை, ஒரு கப்ர் கூட இல்லை. காரணம், அந்த நிலம் அப்போது தண்ணீருக்கு அடியில் கிடந்தது.

கடல் எப்படி ஊரானது?

இடைக்காலத்தின் தொடக்கத்தில் அப்பகுதியில் அல்மேரே என்ற பெயரில் ஒரு பெரிய ஏரி இருந்தது. பின்னர் வெள்ளங்கள் கரைகளை அரித்து வடக்கே இருந்த கடலை உள்ளே கொண்டுவந்தன. ஏரி, கடலின் ஒரு கையாக மாறியது. அதற்கு ஸைடர்ஸே, அதாவது தென்கடல் என்று பெயர் வந்தது.

இந்தக் கடலுக்கு நம் கரையோடும் ஒரு தொடர்பு உண்டு. 17ஆம் நூற்றாண்டில் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை வைத்து வணிகம் செய்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆம்ஸ்டர்டாம் கப்பல்கள், ஸைடர்ஸே வழியாகத்தான் பெருங்கடலுக்குப் போய்வந்தன. பிற்காலத்தில் இப்பகுதியில் நீர் வற்றி நிலம் வெளிப்பட்டபோது, 400க்கும் மேற்பட்ட கப்பல்களின் சிதைவுகள் கண்டெடுக்கப்பட்டன.

வணிகத்தைக் கொடுத்த அதே கடல் உயிர்களையும் எடுத்தது. கொர்னேலிஸ் லேலி என்ற பொறியாளர் 1891இல் ஒரு திட்டம் வரைந்தார். கடலின் வாயை ஓர் அணையால் அடைப்பது, உள்ளே பகுதி பகுதியாக நீரை இறைத்து நிலம் எடுப்பது என்பதே அத்திட்டம். செலவை நினைத்துப் பலரும் தயங்கினார்கள். 1916 ஜனவரியில் வந்த பெருவெள்ளமும், முதல் உலகப் போர்க் காலத்து உணவுத் தட்டுப்பாடும் அந்தத் தயக்கத்தை மாற்றின. 1918இல் சட்டம் நிறைவேறியது. அப்போது லேலியே அமைச்சராக இருந்தார். 32 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த அணை 1932 மே 28 அன்று மூடப்பட்டது. ஆனால் அதைக் காண லேலி இல்லை. 1929இலேயே அவர் இறந்துவிட்டார்.

அல்மேரே அமைந்துள்ள தெற்கு ஃப்ளேவோலாந்து பகுதி 1968இல்தான் நீரிலிருந்து வெளிவந்தது. அது வெறும் சேறு, கால் வைத்தால் புதையும். எனவே விமானத்திலிருந்து நாணல் விதைகளைத் தூவினார்கள். நாணல் வளர்ந்து ஈரத்தை உறிஞ்சியது, மண் இறுகியது. ஆம்ஸ்டர்டாமில் வீட்டுக்குத் தட்டுப்பாடு இருந்த காலம் அது. 1976 நவம்பர் இறுதியில் முதல் குடும்பங்கள் அல்மேரே ஹாவன் பகுதியில் குடியேறின. 1984இல் அல்மேரே தனி நகராட்சியானது. 1987இல் ரயில் வந்தது.

1891இல் வரைந்த ஒரு திட்டத்தின் பலனாக, 85 ஆண்டுகள் கழித்து ஒரு குடும்பம் வீட்டுக் கதவைத் திறந்தது. மறுமை நாள் வந்துவிட்டாலும் கையில் இருக்கும் மரக்கன்றை நட்டுவிடுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த பாடத்தை நாம் பயானில் அடிக்கடி கேட்கிறோம். தான் நிழல் காணாத மரத்தை நடுவது எப்படி என்பதற்கு இந்த ஊரின் வரலாறு ஓர் உதாரணம்.

பார்க்க வேண்டிய இடங்கள்

அல்மேரே ஒரே ஊராக அல்லாமல் ஹாவன், ஸ்டாட், பௌட்டன், போர்ட் எனத் தனித்தனிப் பகுதிகளாகக் கட்டப்பட்டது. இடையிடையே காடும் நீரும் விடப்பட்டன. பேருந்துகளுக்கும் சைக்கிள்களுக்கும் தனிப் பாதைகள் உண்டு. வரலாறு இல்லாத ஊர் என்பதால் தெருக்களுக்குச் சூட்டப் பழைய பெயர்கள் கிடைக்கவில்லை. ஆகவே திரைப்படம், இசை, பருவங்கள், வானவில் நிறங்கள் என்று குடியிருப்புக்கு ஒரு தலைப்பெடுத்துப் பெயர் சூட்டினார்கள். நகர மையத்தைக் கட்டடக் கலைஞர் ரெம் கூல்ஹாஸின் அலுவலகம் திட்டமிட்டது. அங்கே கார்களும் பேருந்துகளும் கீழே போக, கடைவீதி மேல்தளத்தில் இருக்கிறது.

ஊருக்கு வெளியே 178 நெட்டிலிங்கம் போன்ற உயர்ந்த பாப்லர் மரங்களை ஒரு பழைய பிரெஞ்சு தேவாலயத்தின் தரைவடிவில் 1987இல் நட்டிருக்கிறார்கள். பாப்லருக்கு ஆயுள் குறைவு. ஆகவே பக்கத்திலேயே வேறொரு காட்டுக்குள் அதே வடிவத்தில் வெற்றிடம் விட்டு வைத்திருக்கிறார்கள்.

நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு கோட்டையும் தெரியும். ஏதோ மன்னர் காலத்தது என்று நினைத்துவிட வேண்டாம். 2000இல் கட்டத் தொடங்கி, பணம் போதாமல் 2002இல் நின்றுபோன கட்டடம் அது.

ஆனால் ஊரின் உயிர் இருக்கும் இடம் வேறு. அணைக்கரையில் நிற்கும் டி ப்ளொக் ஃபான் குஃபலர் என்ற நீரேற்று நிலையம்தான் அது. அல்மேரே கடல் மட்டத்துக்குச் சுமார் 3 மீட்டர் கீழே இருக்கிறது. மழைநீரும் ஊற்றுநீரும் ஓயாமல் சேரும். அதை ஓயாமல் இறைத்து வெளியேற்ற வேண்டும். இறைப்பது நின்றால் நிலம் மெல்ல மெல்ல மறுபடியும் ஏரியாகிவிடும்.

ஊர் கூடிச் செய்யும் கடமை

இந்தப் பொறுப்பைப் பார்ப்பது நீர் வாரியம். நெதர்லாந்தில் இந்த வாரியங்களின் வேர் 13ஆம் நூற்றாண்டு வரை போகிறது. அணையால் பலன் பெறுகிறவர் அனைவரும் அணையைப் பராமரிக்க வேண்டும் என்பதே அவற்றின் அடிப்படை. இன்றும் மக்கள் நீர் வாரியத்துக்குத் தனியாக வரி கட்டுகிறார்கள், அதன் உறுப்பினர்களைத் தேர்தலில் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இதை நம் ஃபிக்ஹின் மொழியில் ஃபர்ளு கிஃபாயா என்ற கருத்தோடு ஒப்பிடலாம். சிலர் நிறைவேற்றினால் மற்றவர் மீதிருந்து பொறுப்பு நீங்கும். யாருமே செய்யாவிட்டால் அனைவரும் குற்றவாளிகள். ஜனாஸா தொழுகையோடு இதை நாம் நிறுத்திக்கொள்கிறோம். ஆனால் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் மருத்துவம், கணக்கு, விவசாயம், நெசவு போன்ற சமூகத்துக்கு இன்றியமையாத துறைகளையும் இதில் சேர்த்திருக்கிறார்கள்.

யார் மண்ணின் மைந்தர்?

அல்மேரேவில் முஸ்லிம்கள் கணிசமாக வாழ்கிறார்கள். 1975இல் விடுதலை பெற்ற சூரினாமைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள், மொராக்கோ, துருக்கி வழி வந்தவர்கள் எனப் பல பின்னணியினர். ஆம்ஸ்டர்டாமில் இருந்து நல்ல வீடு தேடி வந்த டச்சுக் குடும்பங்களைப் போலவே இவர்களும் வந்தார்கள்.

ஆனாலும் 2010 நகராட்சித் தேர்தலில், இஸ்லாமிய எதிர்ப்பை முதன்மை முழக்கமாகக் கொண்ட கீர்ட் வில்டர்ஸின் கட்சி 39 இடங்களில் 9 இடங்களைப் பெற்று இங்கே முதலிடம் பிடித்தது. 2014இலும் அதுவே பெரிய கட்சி. 2010இல் மற்ற கட்சிகள் சேர்ந்து அதை விலக்கி நிர்வாகம் அமைத்தன. எனினும் ஐந்தில் ஒரு பங்கு வாக்காளர்களின் மனதில் இருந்த அச்சம் வெளிப்பட்டுவிட்டது.

யோசித்துப் பாருங்கள். எவருடைய பாட்டனாரும் பிறக்காத ஊர் அது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் வந்தவர் இருபது ஆண்டுகளுக்கு முன் வந்தவரைப் பார்த்து அந்நியர் என்கிறார்! இருவர் காலடியிலும் இருப்பது ஒரே கடல் தரை. இருவர் வீட்டையும் காப்பது ஒரே அணை.

நபி (ஸல்) அவர்கள் சொன்ன கப்பல் உவமை புகாரியில் பதிவாகியிருக்கிறது. சீட்டுக் குலுக்கி மேல்தளத்தில் சிலரும் கீழ்த்தளத்தில் சிலரும் பயணிக்கிறார்கள். மேலே போய்த் தண்ணீர் எடுத்து மற்றவர்களுக்குச் சிரமம் தருவானேன் என்று கீழே இருப்பவர்கள் தங்கள் பகுதியில் துளையிட நினைக்கிறார்கள். விட்டுவிட்டால் அனைவரும் அழிவார்கள், கையைப் பிடித்துத் தடுத்தால் அனைவரும் தப்புவார்கள். அல்மேரே மக்களுக்கு இது வெறும் உவமை அல்ல, அன்றாட வாழ்க்கை.

வெறுப்பும் ஒரு துளைதான். அதைத் தடுக்கும் கடமை இரு தளத்தில் இருப்பவர்களுக்கும் உண்டு. அண்டை வீட்டாருக்கு நம்மைத் தெரியாமல் இருப்பதற்கு நாமும் ஒரு காரணமாகிவிடக் கூடாது. ஊரின் பொதுக் காரியங்களில் நம் உழைப்பும் நம் பணமும் முன்வரிசையில் நிற்கட்டும். எந்த ஊரில் வாழ்ந்தாலும் அந்த ஊரின் அணையைக் காப்பவர்களாக நம்மையும் நம் பிள்ளைகளையும் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.