மாசக்கணக்கா நிறுத்தி வச்ச பைக் ஸ்டார்ட் ஆகலையா? கார்புரேட்டரை வீட்டிலேயே கழற்றலாமா?

2020 ஏப்ரல் 1-ல் பிஎஸ்-6 விதி வந்தபின் புது பைக்குகளில் கார்புரேட்டர் கிட்டத்தட்ட காணாமல் போய்விட்டது. ஆனால், பழைய ஸ்ப்ளெண்டர், ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர்களுக்கு அது இன்னும் தலைவலிதான்.

பைக்கை மாதக்கணக்கில் நிறுத்தினால் பெட்ரோல் ஆவியாகி, பிசின் மாதிரி கசடு படியும். முதலில் அடைபடுவது பைலட் ஜெட். பல பைக்குகளில் அதன் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. சோக் போட்டால் மட்டும் ஓடுது, ஐடிலிங்கில் நின்னுடுது என்றால் சந்தேகம் அதன் மேல்தான்.

புதுசா கத்துக்கிறவங்க செய்யும் பெரிய தப்பு, ஜெட்டுக்குள் கம்பி விட்டுக் குத்துவது. பித்தளை மென்மையானது. துளை கொஞ்சம் பெரிதானாலும் பெட்ரோல் கூடுதலாகப் போய் மைலேஜ் அடிவாங்கும். கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடித்து, காற்றடித்தாலே போதும். ரப்பர் வாஷர்களை முதலிலேயே கழற்றிடுங்க. ஸ்ப்ரே பட்டால் உப்பிவிடும்.

ஏர் ஸ்க்ரூவைக் கழற்றும் முன், மெதுவாக முட்டும் வரை உள்ளே திருகி, எத்தனை சுற்று என எழுதி வையுங்கள். மாட்டும்போது அதே சுற்று வெளியே. இதை மறந்தால் மெக்கானிக்கைத் தேடிப் போக வேண்டியதுதான்.

எல்லாம் மாட்டியதும் உடனே கிக்கர் அடிக்காதீங்க. பெட்ரோல் டேப்பைத் திறந்து 5 நிமிடம் பாருங்கள். ஓவர்ஃப்ளோ டியூபில் சொட்டினால், ஃப்ளோட் நீடில் சரியாக உட்காரவில்லை. அப்படியே ஓட்டினால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. மறுபடி கழற்றுங்கள், சோம்பல் வேண்டாம்.




வேலை முழுக்க திறந்தவெளியில்தான். காஸ் அடுப்பு, சாமி விளக்கு இருக்கும் பக்கமே போகக் கூடாது.