நற்படத்திற்குப் பூச்சியம் இடுவோர்

சென்ற தலைமுறையினர் போற்றிய திரைப்படங்களுக்கு இத்தலைமுறையினர் சிலர் பத்துக்கு ஒன்று எனப் புள்ளியிடுகின்றனர். படங்களுக்கு ஒன்று முதல் பத்துவரை புள்ளி வழங்க இடந்தரும் இணையத்தளங்கள் இன்று உள. பெரும்புகழ் வாய்ந்த எப்படத்தை எடுத்து நோக்கினும், பத்தும் ஒன்பதும் இட்டோர் வரிசைக்குக் கீழே ஒன்று இட்டோர் வரிசையும் தவறாது காணப்படும். இதனைக் கண்ட முதியோர், இக்காலத்தவர்க்குச் சுவையுணர்வு கெட்டுவிட்டது என்று முடிவு கூறுகின்றனர். இளையோரோ, பழையது என்பதற்காகவே புகழ்தல் வேண்டுமோ என வினவுகின்றனர். ஆண்டுதோறும் விடைத்தாள்களுக்குப் புள்ளியிட்டுப் பழகியவன் யான். ஒரு புள்ளி, விடை எழுதியவனோடு வினாவையும், கற்பித்த முறையையும் சேர்த்தே அளக்கிறது என்பது அத்தொழிலிற் கண்ட உண்மை. அக்கண்கொண்டே இப்பொருளை ஆராய விழைகின்றேன்.

முதற்கண், தாழ்ந்த மதிப்பீடு இக்காலத்துப் பிள்ளைகள் தொடக்கிவைத்த வழக்கம் அன்று. 1954ஆம் ஆண்டு ஏ.வி.எம். நிறுவனத்தார் எஸ். பாலசந்தரின் நெறியாள்கையில் வெளியிட்ட ‘அந்த நாள்’ பாட்டும் நடனமும் சண்டையும் இன்றி அமைந்தது. 1943இல் சென்னையிற் குண்டு விழுந்த காலத்தைக் களமாகக் கொண்டு, கொலையுண்ட ஒருவனைப் பற்றிப் பலரும் பலவாறு கூறும் வாக்குமூலங்களால் அதன் கதை வளர்கின்றது. சிவாஜி கணேசனும் பண்டரிபாயும் நடித்த அப்படத்திற்கு இந்திய அரசின் நற்சான்றிதழும் கிடைத்தது. ஆயினும் அரங்கிற் கூடியோர் பாட்டைக் காணாது சினந்தனர்; முதல் வெளியீட்டில் அப்படம் வெற்றி பெறவில்லை.

நம் நாட்டிலே லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ், ஸ்டூடியோச் சுவர்களை விட்டு வெளியேறிக் கிராமத்தின் திறந்தவெளியிற் படமாக்கிய ‘ரேகாவ’ 1956இல் வெளிவந்தது. 1957இற் கான் திரைப்பட விழாவரை சென்ற அப்படம் உள்ளூர் அரங்குகளில் இழப்பையே கண்டது. சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ 1958இல் நியூயோர்க்கிற் காட்டப்பட்டபோது, ஹொலிவூட்டில் இது செப்பமிடாத முதற்கோவையாகத் தேறுவதும் அரிது என்னும் பொருள்பட எழுதினார், பெயர்பெற்ற விமர்சகர் பொஸ்லி குரோதர். அதே ஆண்டில் அரைமனத்தோடு வரவேற்கப்பட்ட ஹிட்ச்கொக்கின் ‘வேர்ட்டிகோ’, 2012இல் ‘சைற் அன்ட் சவுண்ட்’ இதழின் விமர்சகர் வாக்கெடுப்பில் உலகின் முதற்படமாயிற்று. பத்தாண்டு கழித்து, 2022இல், அவ்விடமும் வேறொரு படத்துக்குச் சென்றது. கற்றோர் புள்ளியே இங்ஙனம் ஏறியும் இறங்கியும் வருமாயின், மற்றையோர் புள்ளியைக் கண்டு வெகுள்வது எற்றுக்கு?

இனி, காரணங்களை நோக்குவோம். எங்கள் பள்ளித் தமிழ்மன்றத்தில் ‘அந்த நாள்’ படத்தைக் காட்டினோம். பாதிப்படத்தில் ஒரு மாணவன் எழுந்து, “சேர், பாட்டு எப்ப வரும்?” என்றான். ஏறத்தாழ எழுபது ஆண்டுகட்கு முன் சென்னை இரசிகர் எழுப்பிய வினா, அட்டன் மலைச்சாரலில் மீண்டும் எழுந்தது! படம் முடிந்தபின் அவன் இட்ட புள்ளி பூச்சியம். கூறிய காரணம், “சரியான ஸ்லோ, சேர்” என்பது.

அம்மாணவன் அவ்வாண்டு மாசியில் தன் தோட்டத்துக் காமன் கூத்தில் மதன் வேடம் புனைந்து ஆடியவன். காமன் கம்பம் ஊன்றிய நாள்தொட்டு, ரதியும் மதனும் லயத்துக்கு லயம் ஆடிவர, தப்பு முழங்க, இறுதி இரவிற் காமன் எரியும்வரை விடிய விடிய நிகழும் கூத்து அது. பகலெல்லாம் மலையிற் கொழுந்து பறித்த தாய்மாரும், மறுநாட் காலை பிரட்டுக்களத்திற்குச் செல்லவேண்டிய ஆடவரும் கம்பளியைப் போர்த்துக்கொண்டு பனியிற் குந்தியிருப்பர். கதையின் முடிவு அறியாதார் அங்கு ஒருவரும் இலர். எனினும் அதனை மெதுவானது என்று சொல்வாரையும் கண்டதில்லை. எந்த அடிக்கு எந்த ஆட்டம், எவ்விடத்தில் எவர் வருவர், எப்போது அழவேண்டும் என்பதெல்லாம் அவர்கள் குழந்தைப்பருவம் முதல் அறிந்தவை. நீளமும் மந்தமும் கடிகாரத்தால் அளக்கப்படுவன அல்ல. வழக்கு அறிந்தவனுக்கு ஓர் இரவு குறுகும். அறியாதவனுக்கு இரண்டு மணிநேரமும் ஊழியாகும். இதுவே தாழ்புள்ளியின் முதற்காரணம்.

இரண்டாவது காரணம் ஏட்டுச்சுவடி ஆராய்ந்தார்க்கு எளிதில் விளங்கும். ஓலை செல்லரித்து, எழுத்துத் தேய்ந்து, பெயர்த்தெழுதியோர் கைப்பிழையும் சேர்ந்த சுவடியைப் படித்துவிட்டுப் புலவனைக் குறைகூறுதல் தகுமோ? ழான் ரெனுவாரின் ‘ஆட்டத்தின் விதிகள்’ 1939இற் பாரிசில் எதிர்ப்புக்குள்ளாகி வெட்டிக் குறுக்கப்பட்டது. 1959இலேயே நிரப்பி மீட்கப்பட்டு, பின் பேரிலக்கியமென மதிக்கப்பட்டது. நம் பழந்தமிழ்ப் படங்களோ கீறல் விழுந்து, ஒலி இரைந்து, பக்கங்கள் நறுக்குண்டு, காட்சிகள் உதிர்ந்து, உள்ளங்கையளவு கைப்பேசித் திரைக்கு வந்து சேர்கின்றன. பிள்ளைகள் புள்ளியிடுவது இப்பாடபேதத்திற்கே.

மூன்றாவது, புகழின்மேற் கொண்ட பகை. ‘உலகின் தலைசிறந்த படம்’ என்னும் முரசொலி முன்னே சென்றால், பின்னே வரும் படம் எத்துணை நன்றாயினும் கேட்டோன் ஏமாறவே செய்வான். ஐந்து புள்ளி இடத்தக்கவன், மற்றோர் இட்ட பத்தைச் சாய்க்கும் நோக்குடன் ஒன்று இடுவதும் உண்டு. 2008இல் ‘த டார்க் நைட்’ வெளிவந்தபோது, அதனை முதலிடத்தில் ஏற்றும் பொருட்டு அதன் அன்பர் சிலர் ‘த கோட்பாதர்’ (1972) படத்திற்குத் தாழ்புள்ளி இட்டனர் என்று பேசப்பட்டது. இத்தகைய சூழ்ச்சிக்கு இடங்கொடாதிருக்கவே, அப்புள்ளித்தளத்தார் நேர்ச்சராசரியை விடுத்து நிறையிட்ட சராசரியை வெளியிடுகின்றனர். பள்ளிக்கூடத்திற் கட்டாயத்தின்பேரில் வணங்கச்செய்த நூல்கள்மீது மாணவர்க்கு உண்டாகும் வெறுப்பும் இவ்வகையினதே. இதற்கு ஆசிரியராகிய எம்மவரே பெரிதும் பொறுப்பாளர்.

நான்காவது காரணம் மேற்கூறிய மூன்றினின்றும் வேறானது. அதனை மதித்தல் நம் கடன். கிரிபித்தின் ‘ஒரு தேசத்தின் பிறப்பு’ (1915) படக்கலையின் வளர்ச்சிக்குப் பெருந்துணை புரிந்தது என்பர். கறுப்பினத்தவரை இழித்து, கூ கிளக்ஸ் கிளான் கொடியோரை வீரராக்கிக் காட்டுவதும் அதுவே. அதற்கு ஒன்று இடுவோன் கலையறியாதவன் என்று எவர் கூற இயலும்? நம் பழைய படங்கள் பலவற்றிலும் கரிய நிறம் நகைப்புக்கு உரியதாயிற்று, கூலித்தொழிலாளி கோமாளியானான், கணவன் அடிப்பதும் மனைவி பொறுப்பதும் அறமெனப்பட்டன. தாயின் விரல்களிற் கொழுந்துக்கறையைக் கண்டு வளர்ந்த மாணவி ஒருத்தி, அத்தகைய படமொன்றுக்குப் பூச்சியம் இட்டு, “எங்கட அம்மாவ மாதிரி ஆளப் பாத்து எல்லாரும் சிரிக்கிறாங்க” என்று காரணமும் எழுதியிருந்தாள். நகை என்னும் மெய்ப்பாடு எள்ளலினின்றும் பிறக்கும் என்று தொல்காப்பியர் வகுத்துள்ளார். எள்ளப்படுவோர் தாமே அவையில் அமர்ந்திருக்கும்போது அந்நகை என்னாகும் என்பதை அச்சிறுமி உரைத்தாள். அவளது பூச்சியம் ஒரு சிறந்த விமர்சனம்.

ஆகவே, தாழ்புள்ளி அனைத்தும் ஒருதன்மைய அல்ல. நெய்யை ஒழுகவிட்டுக் கசட்டைப் பற்றும் நெய்யரியைக் கடைமாணாக்கர்க்கு உவமையாக்கினார் நன்னூலார்; மேய்ந்ததைப் பின்னர் அசைபோடும் பசுவைத் தலைமாணாக்கர்க்கு உவமையாக்கினார். நெய்யரியையும் பசுவையும் பிரித்தறிவது அவர்கள் கூறும் காரணத்தைக் கொண்டே. பிறர் சொற்கேட்டுப் பத்து இடுபவனினும், தான் கண்டு காரணத்தோடு இரண்டு இடுபவன் மேலானவன் என்பது என் துணிபு.

வழக்கு அறியாமையால் எழும் தாழ்புள்ளிக்கு மருந்து யாது? தமிழுலகம் அதனை முன்னமே கண்டிருக்கிறது. அதன் பெயர் உரை. 1880இற் சேலம் இராமசுவாமி முதலியார், என்னென்ன நூல் கற்றீர் என உ.வே. சாமிநாதையரை வினவினார். ஐயர் அந்தாதியும் கோவையும் பிள்ளைத்தமிழும் அடுக்கினார். சீவக சிந்தாமணியைக் கற்றிலர். அந்நாளைய புலமையுலகில் அக்காப்பியம் பெற்றிருந்த ‘புள்ளி’ அவ்வளவே. 1887இல் நச்சினார்க்கினியர் உரையோடு அதனை ஐயர் பதிப்பித்தார். அதே ஆண்டில் நம் யாழ்ப்பாணத்துச் சி.வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையை அச்சேற்றினார். நூல்கள் மாறவில்லை, இடையிலே பாலம் அமைந்தது.

எங்கள் மன்றத்திலும் அதனையே செய்தோம். போர்க்காலத்து விளக்கணைப்பு, வானொலிப் பொறியியலாளனுக்கு அந்நாளில் இருந்த மதிப்பு, ஒரே நிகழ்ச்சியைப் பலர் வாயாற் கூறும் உத்தி ஆகியவற்றை அரைமணிநேரம் விளக்கி, மறுவாரம் மீண்டும் காட்டினோம். பூச்சியம் இட்ட மாணவன் நான்காக உயர்த்தினான். பத்து இடவில்லை, இடவேண்டும் என்றும் யான் விரும்பவில்லை. அண்ணன் தம்பி சொத்துச் சண்டை தன் லயத்திற் கண்டது போலவே இருக்கிறது என்றும், போலீசார் பேச்சு இன்னும் நீளம் என்றும் எழுதினான். அந்த நான்கு, முந்திய பூச்சியத்தினும் எத்துணையோ கனமுடையது.

முடிவாக ஒன்று. மலையக வாழ்வைத் திரைக்குக் கொணர்ந்த படங்கள் நம் நாட்டிலும் எழுந்தன. 1960களின் தொடக்கத்தில் ‘தோட்டக்காரி’ வந்தது, 1975இல் வி.பி. கணேசன் ‘புதிய காற்று’ தந்தார். இவற்றுக்கு எம் மாணவர் ஒன்று இடுவரோ, ஒன்பது இடுவரோ? இடுவதற்கு அவை எளிதிற் கைக்கு எட்டுவனவல்ல. ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ 1983 யூலை வன்செயலில் எரியுண்டபோது மூலச்சுருள்கள் பல சாம்பராயின. தாழ்புள்ளி பெற்ற படத்தை மற்றொரு நாள் மற்றொருவன் கண்டு உயர்த்தக்கூடும். ‘அந்த நாளு’ம் ‘ரேகாவ’வும் அங்ஙனம் உயர்ந்தவையே. காணவே இயலாத படத்திற்கு அவ்வாய்ப்பும் இல்லை. எஞ்சிய சுருள்களைத் தேடிக் காப்பவரும், கண்டதற்கு உரை கூறுபவரும் நம்மிடையே பெருகுவாராக. அதன்பின் பிள்ளைகள் தாம் விரும்பிய புள்ளியை இடட்டும்.