சுற்றிச் சுற்றி வரும் கார்கள்: நிறுத்துமிடத்தை முன்பதிவு செய்யலாமா?

"கார் வாங்குவது சுலபம், அதை நிறுத்துவதுதான் கஷ்டம்" என்று நம் வீடுகளில் வேடிக்கையாகச் சொல்வார்கள். அது எனக்கு வேடிக்கையாக இல்லாமல் போன ஒரு நாளைச் சொல்லித் தொடங்குகிறேன்.

அம்மாவுக்குக் கண் பரிசோதனை. காலை 9 மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். எட்டே காலுக்கெல்லாம் மருத்துவமனைக்கு வந்துவிட்டோம். "நீ காரை நிறுத்திட்டு வாம்மா, நான் போய் உட்கார்ந்திருக்கேன்" என்று அம்மா வாசலிலேயே இறங்கிக்கொண்டார். அதன் பிறகு 50 நிமிடம் நான் சுற்றிச் சுற்றி வந்தேன். ஒரு வழியாக இடம் கிடைத்து ஓடிப் போனபோது, அம்மாவின் எண்ணை அழைத்து முடித்திருந்தார்கள். மலாயில் அழைத்தது அவர் காதில் சரியாக விழவில்லை. அடுத்த தேதி இரண்டு மாதம் கழித்து. திரும்பும் வழியில் அம்மா ஒரு வார்த்தைகூடக் கோபமாகப் பேசவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

அன்றிரவுதான், கார் நிறுத்துமிடத்தை இணையத்தில் முன்கூட்டியே பதிவு செய்யும் சேவைகளைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்ததையும் பட்டதையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

சுற்றுவதற்கும் ஒரு விலை உண்டு

2023ஆம் ஆண்டு இறுதியில் மலேசியாவில் பதிவு பெற்ற வாகனங்கள் சுமார் 3 கோடியே 63 லட்சம். நாட்டின் மக்கள்தொகையைவிட இது அதிகம். இத்தனை வண்டிகளும் எங்கேயாவது நிற்கத்தானே வேண்டும்?

நிறுத்துமிடம் பற்றிப் பல்லாண்டு ஆராய்ந்தவர் அமெரிக்கப் பேராசிரியர் டோனல்ட் ஷூப். 2025இல் காலமானார். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வெஸ்ட்வுட் வில்லேஜ் என்ற சிறிய வட்டாரத்தில், இடம் தேடி அலையும் கார்களை அவர் கணக்கெடுத்தார். ஒருவர் ஒரு தடவை சுற்றுவது சராசரியாக அரை மைல்தான். ஆனால் எல்லாருடைய அரை மைலையும் கூட்டினால் ஓராண்டுக்கு 950,000 மைல், அதாவது சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் வந்தது. பூமியை 38 தடவை சுற்றிவரும் தூரம் இது. ஒரே ஒரு வட்டாரத்தில், இடம் தேடியதற்காக மட்டும்! எண்ணெய் வீண், நேரம் வீண், நமக்குப் பின்னால் வருபவருக்கும் எரிச்சல்.

பணம் கட்டுவது வேறு, பதிவு செய்வது வேறு

பலர் குழப்பிக்கொள்ளும் ஒன்றை முதலில் தெளிவுபடுத்திவிடலாம். "நான்தான் கைத்தொலைபேசியில் பார்க்கிங் கட்டுகிறேனே" என்பார்கள். ஃபிளெக்ஸி பார்க்கிங் போன்ற செயலிகளிலும், சிங்கப்பூரில் 2017 அக்டோபரில் அறிமுகமான அரசாங்கச் செயலியிலும் நாம் வாங்குவது நேரம். அதுவும் காரை நிறுத்திய பிறகு. கூப்பன் சுரண்டிய காலம் மாறி விரலால் தட்டும் காலம் வந்திருக்கிறது, அவ்வளவுதான். இடத்தை நாமேதான் தேடிக்கொள்ள வேண்டும்.

முன்பதிவு என்பது, நாம் வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே "உங்களுக்கு ஓர் இடம் உண்டு" என்று ஒருவர் வாக்குக் கொடுப்பது. அந்த வாக்கைக் கொடுப்பவர் யார் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. மூன்று வகையினர் இருக்கிறார்கள்.

முதல் வகை, நிறுத்துமிடத்தை நடத்துபவரே விற்பது. 500 பெட்டிகள் உள்ள கட்டடம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 50ஐ முன்பதிவுக்கென்று ஒதுக்குவார்கள். பெரும்பாலும் உங்களுக்கு இன்ன எண் உள்ள பெட்டி என்று கிடைக்காது. ஐம்பதில் ஒன்று உண்டு என்ற உறுதிதான் கிடைக்கும். நீங்கள் கொடுத்த வாகன எண்ணை நுழைவாயில் கேமரா படித்ததும் தடுப்பு உயரும். இங்கிலாந்தின் பெரிய விமான நிலையங்களில் இது சாதாரண வழக்கம். அங்கே முன்கூட்டியே பதிவு செய்தால், நேரில் போய்க் கட்டுவதைவிடப் பெரும்பாலும் மலிவு. நம் நாட்டிலும் பார்க்ஈஸி என்ற நிறுவனம் பேரங்காடிகளில் சில பெட்டிகளுக்குத் தடுப்பு வைத்து, பதிவு செய்தவருக்கு மட்டும் அது இறங்கும்படி செய்தது. பின்னர் மின்சாரக் கார்களுக்கு மின்னூட்டும் இடங்களுக்கும் இதே முறையைக் கொண்டுபோனது.

இரண்டாம் வகை, தனியார் வீட்டு முற்றங்களை வாடகைக்குக் கோத்துவிடுவது. ஆந்தனி எஸ்கினாசி என்ற இங்கிலாந்து இளைஞர் சான் பிரான்சிஸ்கோவில் பேஸ்பால் ஆட்டம் பார்க்கப் போனபோது, திடலருகே நிறுத்த இடமின்றித் தவித்தார். பக்கத்து வீடுகளின் முற்றங்களோ காலியாகக் கிடந்தன. அந்தத் தவிப்பில் பிறந்த யோசனை 2006இல் ஓர் அகப்பக்கமானது. இன்று அதன் பெயர் ஜஸ்ட்பார்க். வேலைக்குப் போனவரின் முற்றம் பகலில் சும்மா கிடப்பதற்கு, யாருக்கோ உதவி, வீட்டுக்காரருக்கோ வருமானம்.

மூன்றாம் வகைதான் வில்லங்கமானது. தனக்குச் சொந்தமில்லாததை விற்பது. 2014இல் மங்கிபார்க்கிங் என்ற செயலி சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்தது. சாலையோரத்தில் நிறுத்தியிருப்பவர், "நான் கிளம்பப் போகிறேன், யாருக்கு வேண்டும்?" என்று அந்த இடத்தை ஏலம் விடலாம். அதிகம் கொடுப்பவருக்கு இடம். அது பொதுச் சாலை, ஏலம் விட நீ யார் என்று நகரின் சட்டத்துறை கேட்டது. அப்படி விற்கும் ஓட்டுநருக்கு 300 டாலர் வரை அபராதம் உண்டு என்று எச்சரித்தது. அடுத்த மாதமே அந்தச் சேவை அங்கே நிறுத்தப்பட்டது.

நமக்கு இது புதிதா என்ன? காலிப் பெட்டியில் நாற்காலியைப் போட்டுவிட்டு, "அஞ்சு ரிங்கிட் கொடுங்க அண்ணே, நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்பவரை நாம் பார்த்ததில்லையா? நாற்காலி செயலியாக மாறிவிட்டால் மட்டும் அது நியாயமாகிவிடாது.

சிற்றெழுத்தைப் படியுங்கள்

தொடர்புத்துறையில் டிப்ளோமா படித்தபோது, விளம்பரத்தில் சிற்றெழுத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்று விரிவுரையாளர் சொல்வார். பாடத்தைப் படித்தேன், ஆனால் கடைப்பிடிக்கவில்லை. அம்மாவின் அடுத்த தேதிக்கு, மருத்துவமனைக்குப் பக்கத்துக் கட்டடத்தில் இடம் பதிவு செய்தேன். எல்லாம் சரி. ஆனால் பழக்கத்தில் என் கணவரின் கார் எண்ணைத் தட்டிவிட்டேன். தடுப்பு உயரவே இல்லை. பின்னால் ஐந்து கார்கள், எல்லாரும் ஹாரன். காவலர் வந்து கைத்தொலைபேசியைப் பார்த்துத் திறந்துவிட்டதால் தப்பித்தேன். நல்ல வேளை, இந்த முறை அம்மா என் பக்கத்திலேயே இருந்தார், நேரமும் கையில் இருந்தது.

ஆகவே பணம் கட்டும் முன் ஐந்தைப் பாருங்கள். ஒன்று, இடம் யாருடையது? நடத்துபவரின் பெயரும் முகவரியும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். இரண்டு, வாகன எண் சரிதானா? மூன்று, முன்னதாக வந்தாலோ, தாமதித்துக் கிளம்பினாலோ கூடுதல் கட்டணம் எவ்வளவு? நான்கு, ரத்து செய்தால் பணம் திரும்புமா? ஐந்து, போய்ச் சேரும்போது இடம் இல்லையென்றால் என்ன செய்வார்கள்? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத சேவை, முன்பதிவுச் சேவையே அல்ல.

சாவியைக் கொடுத்துவிட்டுப் போகும் சேவையாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. இங்கிலாந்து விமான நிலையங்களுக்கு அருகே, பாதுகாப்பான இடம் என்று வாங்கிக்கொண்ட கார்களைச் சேற்று வயலில் விட்டுவைத்த ஆசாமிகள் பிடிபட்டிருக்கிறார்கள். மலிவு என்பதற்காக மட்டும் சாவியை நீட்டாதீர்கள்.

யாருக்கு முதலிடம்?

இன்னொரு கேள்வி என் மனத்தை உறுத்துகிறது. பணமும் கைத்தொலைபேசியும் உள்ளவர்கள் எல்லா இடத்தையும் பதிவு செய்துகொண்டால், இரண்டும் இல்லாத முதியவர் எங்கே நிறுத்துவார்? பேரங்காடியில் அது வியாபாரம், போகட்டும். மருத்துவமனையில் அப்படி விட முடியுமா?

என் கருத்து இதுதான். மருத்துவமனைகளில் முன்பதிவு வரட்டும். ஆனால் அதிகம் கொடுப்பவருக்கு அல்ல, மருத்துவர் நேரம் கொடுத்தவருக்கு. பரிசோதனைத் தேதியை எழுதிக் கொடுக்கும் அதே முகப்பில், வாகன எண்ணையும் கேட்டுக் குறித்துக்கொண்டால் போதும். செயலி தெரியாத தாத்தாவுக்கும் பாட்டிக்கும் இடம் கிடைக்கும். பதிவில்லாமல் அவசரமாக வருபவருக்கு மீதிப் பெட்டிகள் இருக்கட்டும். தொழில்நுட்பம் புதிதாக எதுவும் வேண்டியதில்லை. யாருக்கு முதலிடம் என்று முடிவெடுக்கும் மனம்தான் வேண்டும்.

அம்மாவின் கண்ணுக்கு இப்போது சொட்டு மருந்து போதும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆனால் மருத்துவமனைக்குக் கிளம்பும்போதெல்லாம், "இடம் பிடிச்சிட்டியாம்மா?" என்று அவர்தான் முதலில் கேட்கிறார். நீங்களும் கிளம்பும் முன் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.