ஆற்றுக்கு எதிர்ப்பக்கம் சாயும் நகரம்

ஆற்றங்கரை ஊரென்றால் சாக்கடை ஆற்றுக்குத்தானே போக வேண்டும்? ஹூக்ளிக் கரையில் கல்கத்தாவை எழுப்பிய கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களுக்கும் அதுதான் நினைப்பு. ஆரம்பக் கால வடிகால்கள் பலவற்றை ஆற்றை நோக்கியே வெட்டினார்கள். தண்ணீர் போக மறுத்தது.

டெல்டா ஆறு வெள்ளத்தில் கரை தாண்டும்போது சட்டென வேகம் குறைகிறது. மணலும் கனமான வண்டலும் கரையிலேயே தங்கிவிடுகின்றன. நுண்ணிய களிமண் மட்டும் தள்ளிப்போய்ப் படிகிறது. ஆயிரக்கணக்கான வெள்ளங்களுக்குப் பிறகு கரைதான் ஊரிலேயே மேடு. ஒரு பக்கம் தூக்கிவைத்த தாம்பாளம்போல, கல்கத்தா ஆற்றுக்கு முதுகைக் காட்டிக் கிழக்கே உப்பேரிகளை நோக்கிச் சாய்ந்திருக்கிறது.

1855-ல் பொறியாளர் வில்லியம் கிளார்க் தந்த திட்டம் இந்தச் சரிவுக்குப் பணிந்தது. நிலத்தடிக் கால்வாய்களில் கழிவுநீர் கிழக்கே போய், பித்யாதரி ஆறு வழியே கடல் சேரும். நல்ல திட்டம்தான், பித்யாதரி உயிரோடு இருக்கும்வரை! அது ஓத ஆறு. கடலேற்றம் சேற்றைக் கொண்டுவரும். ஏரிகளில் பரவி நின்ற நீர், வற்றத்தின்போது பாய்ந்து திரும்பி அந்தச் சேற்றை அரித்துச் செல்லும். ஏரிப்பரப்பைக் கரைகட்டி அடைத்ததும் திரும்பும் நீர் குறைந்தது, சேறு அடியிலேயே தங்கியது. 1928-ல் ஆறு செத்துவிட்டதாக அரசே அறிவித்தது.

ஏறக்குறைய அதே காலத்தில் உள்ளூர் மீன்வளர்ப்பவர்கள் அந்தச் சாக்கடையைக் குட்டைகளில் பாய்ச்சத் தொடங்கினார்கள். குட்டை ஆழமில்லாததால் வெயில் அடிவரை இறங்கும். பாக்டீரியா கழிவைச் சிதைக்க, அதில் வரும் சத்தை உண்டு பாசி பெருகும். பகலில் பாசி விடும் ஆக்சிஜன் பாக்டீரியாவுக்கும் மீனுக்கும் மூச்சாகும். ரோகுவும் கட்லாவும் கொழுக்கும். மற்ற ஊர்களில் சனியனென்று வாரியெறியும் ஆகாயத்தாமரையை இங்கே வரப்போரம் வேண்டுமென்றே விடுகிறார்கள்: அலை கரையை அரிக்காது, வேர்கள் உலோகக் கழிவையும் இழுத்துக்கொள்ளும். இதுவும் ஒரு சுத்திகரிப்புதான். துருவஜோதி கோஷ் என்ற அரசுப் பொறியாளர் 1980-களில் இதை ஆராய்ந்து எழுதினார். சுமார் 12,500 ஹெக்டேர் ஈரநிலம் 2002-ல், உலக முக்கியத்துவம் கொண்ட ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் ஏறியது.

உப்பேரிகளின் வடபகுதிக்கு அந்த யோகம் இல்லை. 1960-களில் ஹூக்ளியின் அடிமண்ணைத் தோண்டி, நீரில் கரைத்துக் குழாய்வழியே கொண்டுவந்து கொட்டினார்கள். சால்ட் லேக் நகரம் அந்த மண்மேல்தான் நிற்கிறது.