கையில் கடிதம் இருக்கிறது, வேலை எப்போது?

இந்தியாவில் பொறியியல் மாணவர்கள் பலர் நான்காம் ஆண்டிலேயே வேலைக்குத் தேர்வாகிவிடுகின்றனர். நிறுவனங்கள் கல்லூரிக்கே வந்து தேர்வும் நேர்காணலும் நடத்துகின்றன. ஆனால், அப்போது கிடைக்கும் கடிதமும் வேலையும் ஒன்றல்ல.

கடிதத்தில் சம்பளம் குறிப்பிடப்பட்டிருக்கும். வேலையில் சேரும் நாள் பெரும்பாலும் இருக்காது. பட்டம் பெற்ற பிறகு நிறுவனம் அழைக்கும்வரை காத்திருக்க வேண்டும். 2022இல் பட்டம் பெற்ற சிலர், தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களின் கடிதத்தோடு ஈராண்டு வரை காத்திருந்தனர்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒருவருக்கு ஒரு வேலை என்பது பல கல்லூரிகளின் விதி. ஒரு நிறுவனத்திற்குத் தேர்வானவர் மற்ற நேர்காணல்களில் கலந்துகொள்ள முடியாது. அழைப்பு தாமதமானால் அவருக்கு மாற்று வழி இல்லை. கல்விக் கடனோ, பொதுவாகப் படிப்பு முடிந்த ஓராண்டில் தவணை கேட்கத் தொடங்கிவிடும்.

சேர்ந்த பிறகும் சில மாதப் பயிற்சி இருக்கும். அதன் முடிவில் நடக்கும் தேர்வில் தேறாதவர்களைச் சில நிறுவனங்கள் அனுப்பிவிடுகின்றன.

காத்திருக்கும் காலத்தை வீணாக்காமல் இருக்க ஒரு வழி, தொழிற்பழகுநர் பயிற்சி. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பட்டதாரிகள் ஓராண்டு உதவித்தொகையுடன் பயிலலாம். நெய்வேலி என்எல்சி, திருச்சி பெல் போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் இவ்வாறு ஆள் எடுக்கின்றன. இறுதியில் நிரந்தர வேலைக்கு உத்தரவாதம் இல்லை. சான்றிதழும் அனுபவமும் நிச்சயம்.

எனவே, கடிதம் வந்ததும் சம்பளத்திற்கு முன்பு பார்க்க வேண்டியவை மூன்று: சேரும் நாள், பயிற்சித் தேர்வு, ஒப்பந்த நிபந்தனை.