தலைமையிடம் இல்லாத வலை

அயல் மாநில நகரொன்றில் குடியேறியிருக்கும் ஒருவர் தமிழ்ப் புத்தகம் ஒன்றைத் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்ச் சங்கத்தில் நூலகம் இருந்தால், அங்கே சென்று பட்டியலைப் பார்ப்பார். இல்லையெனில், தாம் அறிந்த நான்கு வீடுகளில் கேட்பார். அவர்கள் தமக்குத் தெரிந்த வீடுகளில் விசாரிப்பார்கள். கேள்வி இவ்வாறு வீட்டுக்கு வீடு பரவிப் புத்தகம் உள்ள இடத்தை எட்டிவிடும். கணிப்பொறிகளுக்குள்ளும் இவ்விரு வழிகளும் கையாளப்பட்டன.

1999-இல் அமெரிக்காவில் தோன்றிய நாப்ஸ்டர் நூலக வழியைப் பின்பற்றியது. பாட்டுகள் அவரவர் கணிப்பொறியில் இருந்தன. எது எவரிடம் உண்டு என்னும் பட்டியல் மட்டும் நிறுவனத்தின் வசம் இருந்தது. இசைத்தட்டு நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. 2001-ஆம் ஆண்டு ஜூலையில் பட்டியல் மூடப்பட்டது; பரிமாற்றம் முழுவதும் நின்றது.

இதற்கிடையில், 2000-ஆம் ஆண்டு மார்ச் 14-ஆம் நாள், நல்சாஃப்ட் நிறுவனத்தைச் சேர்ந்த ஜஸ்டின் பிராங்கெல், டாம் பெப்பர் ஆகிய இருவரும் நுடெல்லா என்ற சிறிய நிரலை வெளியிட்டனர். தாய் நிறுவனமான அமெரிக்கா ஆன்லைன் மறுநாளே அதை விலக்கிக்கொள்ளச் செய்தது. ஆயினும் அதற்குள் பலர் அதைப் பெற்றுவிட்டனர். அதன் செயல்முறையை ஆராய்ந்தறிந்த பிறர், அதே முறையில் புதிய நிரல்களை இயற்றினர்.

நுடெல்லாவில் பட்டியலும் இல்லை, தலைமையிடமும் இல்லை. ஒரு கணிப்பொறி கேட்கும் கேள்வியை அதனோடு இணைந்தவை தம் அண்டையில் உள்ளவற்றுக்கு அனுப்பும். வழக்கமாக ஏழு கை மாறியதும் கேள்வி தானே மடிந்துவிடும். விடை கிடைத்தால், பொருள் உடையவரிடமிருந்து கேட்டவருக்கு நேராகவே வந்து சேரும்.

ஆனால், ஊரார் அனைவரும் ஓயாமல் கதவைத் தட்டினால் வீட்டு வேலை நடக்குமா? கேள்விகள் பெருகவே, வேகம் குறைந்த இணைப்புகள் திணறின. மற்றொரு குறை மனித இயல்பைச் சார்ந்தது. 2000-இல் ஏடார், ஹூபர்மன் என்னும் ஆய்வாளர்கள், பயனாளரில் ஏறத்தாழ 70 சதவிகிதத்தினர் எதையும் பிறருக்கு அளிப்பதில்லை என்று கண்டனர். பெறுவோர் பலர், தருவோர் சிலர்.

2001-இல் பிராம் கோகன் உருவாக்கிய பிட்டாரென்ட் இக்குறைக்கு மருந்து கண்டது. கோப்பைச் சிறு துண்டுகளாக்கி, தான் பெற்ற துண்டைப் பிறருக்குத் தருபவருக்கே முன்னுரிமை அளித்தது. இலவசமாக வழங்கப்படும் லினக்ஸ் இயக்க முறைகள் இன்றும் இவ்வழியாகப் பரவுகின்றன.

நுடெல்லா வலையில் இயங்கிய லைம்வயர் என்னும் நிரலை 2010-இல் அமெரிக்க நீதிமன்றம் தடுத்தது. மறு ஆண்டு அந்நிறுவனம் 10½ கோடி டாலர் அளிக்க இசைந்தது. நிறுவனத்தைத் தண்டிக்க முடிந்தது; வலையை அடைப்பதற்கோ, அதில் ஒரு வாயில் இல்லை.

தலைமையிடம் இல்லாத வலையை எவரும் எளிதில் மூட முடியாது. அதே காரணத்தால், பாடியவருக்கும் பாட்டு இயற்றியவருக்கும் சேர வேண்டிய ஊதியத்தைக் கேட்டு வாங்கித் தருவாரும் அங்கே இல்லை. காவலன் இல்லாத பொதுக் குளம், நீர் மொள்பவரின் நேர்மையாலேயே நிலைக்கும்.