தானே எரியும் மரத்தூள் அடுப்பு!
வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

விசிறி வேண்டாம். ஊதுகுழல் வேண்டாம். விறகைத் தள்ளிவிட ஆள் வேண்டாம்.

பொத்தானை அழுத்தினால் அடுப்பு தானே பற்றிக்கொள்கிறது. தனக்கு வேண்டிய தீனியைத் தானே எடுத்துப் போட்டுக்கொள்கிறது. இத்தனை டிகிரி சூடு வேண்டும் என்று குறித்துவிட்டால், அந்தச் சூட்டை அதிகம் கூடாமல், குறையாமல் மணிக்கணக்கில் காக்கிறது!

இந்த அதிசய அடுப்புக்கு ‘பெல்லட் கிரில்’ என்று பெயர். மீன், இறைச்சி, சோளக்கதிர், கத்தரிக்காய், சர்க்கரைவள்ளிக் கிழங்கு எதையும் இதில் மரப்புகை மணத்தோடு சுட்டு எடுக்கலாம். அமெரிக்காவில் பல வீட்டுத் தோட்டங்களில் இதைப் பார்க்கலாம்.

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளில் மகனோ மகளோ வெளிநாட்டில் இருக்கும் வீடுகள் ஏராளம். அங்கே போய் இந்த அடுப்பின் சமையலை ருசித்தவர்களுக்கு, “நம் வீட்டு மாடியிலும் ஒன்று இருந்தால் என்ன?” என்ற ஆசை வருவது இயற்கை.

வாங்கலாம். தவறில்லை. ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். அடுப்பின் விலை பாதிக் கணக்குத்தான். அது தின்னும் தீனி எங்கே கிடைக்கும், என்ன விலைக்குக் கிடைக்கும் என்பது மீதிப் பாதி.

இது ஏட்டில் படித்த பாடம் அல்ல. நம் நாட்டில் லட்சக்கணக்கான குடும்பங்கள் பணம் கொடுத்துக் கற்ற பாடம். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறோம். முதலில் அடுப்பைப் பார்ப்போம்.

பாட்டி காலத்து உறவு

மரத்தூள் அடுப்பு நமக்குப் புதியது அல்ல.

கியாஸ் சிலிண்டர் வீடு தேடி வராத காலத்தில், சென்னையில் விறகுத் தொட்டியும் கரிக்கடையும் இல்லாத பேட்டை இல்லை. கரி போடும் கும்மட்டி அடுப்பு ஒரு பக்கம். மரத்தூள் அடுப்பு இன்னொரு பக்கம்.

தகர அடுப்பின் நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்துவார்கள். சுற்றிலும் மரத்தூளைக் கொட்டி, கெட்டியாக இடிப்பார்கள். பிறகு பாட்டிலை மெல்ல உருவினால் நடுவில் ஒரு குழி இருக்கும். அடிப்பக்கத்து ஓட்டை வழியாகத் தீ வைத்தால், அந்தக் குழியின் சுவர் கொஞ்சம் கொஞ்சமாக எரியும். ஒரு தரம் இடித்தால் ஒரு வேளைச் சமையல் முடிந்துவிடும்.

அதில் ஒரு தொல்லை. தீயைக் கூட்டவும் குறைக்கவும் முடியாது. தூள் சரிந்தால் புகை மண்டும். இந்தத் தொல்லையைத் தீர்க்க வந்ததுதான் ‘பெல்லட்’ என்னும் மரத்தூள் குச்சி.

குச்சி பிறக்கும் விதம்

முறுக்கு பிழிவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதே வேலைதான்.

மரம் அறுக்கும் மில்லில் மிஞ்சும் தூளை முதலில் உலர்த்துகிறார்கள். ஈரம் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கும் கீழே இறங்க வேண்டும். பிறகு அதை ஒரே சீராக அரைக்கிறார்கள். அரைத்த தூளை, ஓட்டைகள் நிறைந்த கனத்த இரும்பு அச்சில் எந்திரம் அழுத்தித் தள்ளுகிறது. அச்சின் ஓட்டை ஏறக்குறைய 6 மில்லி மீட்டர் அகலம் இருக்கும்.

அழுத்தத்தில் தூள் சூடாகிறது. மரத்திலேயே ‘லிக்னின்’ என்ற பொருள் இருக்கிறது. அது சூட்டில் இளகி, பசைபோல் தூளை ஒட்டவைக்கிறது. நல்ல மரத்தூளுக்கு வேறு பசை தேவையில்லை. ஆறியதும் பளபளப்பான, கெட்டியான சின்னஞ்சிறு குச்சிகள் கிடைக்கின்றன.

அடுப்புக்குள் என்ன இருக்கிறது?

அடுப்பின் பக்கத்தில் ஒரு பெட்டி. அதில் குச்சிகளைக் கொட்ட வேண்டும். பெட்டியின் அடியில் நீண்ட திருகு ஒன்று மோட்டாரால் சுழல்கிறது. சுழலும்போது குச்சிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒரு சிறு தீக்கிண்ணத்தில் போடுகிறது.

கிண்ணத்தில் ஒரு மின்கம்பி இருக்கிறது. அது சிவக்கச் சூடாகிக் குச்சிகளைப் பற்றவைக்கிறது. சிறிய விசிறி காற்றை ஊதுகிறது. கிண்ணத்துக்கு மேலே ஓர் இரும்புத் தகடு. ஆகவே தீயின் நாக்கு பண்டத்தை நேராகத் தொடாது. சூடான காற்றும் புகையுமே பண்டத்தை வேகவைக்கின்றன.

உள்ளே இருக்கும் வெப்பமானி, சூட்டை அளந்து சொல்லிக்கொண்டே இருக்கும். சூடு குறைந்தால் திருகு அதிகம் சுழலும். சூடு கூடினால் நிற்கும். இவ்வளவுதான் ரகசியம்!

கண்டுபிடித்தவர்

1973-ல் உலகில் எண்ணெய் நெருக்கடி வந்தது. குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக்க எண்ணெய் இல்லாமல் தவித்தார்கள். அமெரிக்காவின் வடமேற்குப் பகுதியில் மர மில்கள் ஏராளம். வீணாகும் தூளைக் குச்சியாக்கி எரிக்கும் கணப்பு அடுப்புகள் அங்கே பரவின.

அங்கே ஓரிகன் மாநிலத்தில் மவுண்ட் ஏஞ்சல் என்ற சிற்றூர் இருக்கிறது. அந்த ஊர்க்காரரான ஜோ டிரேகர், அதே குச்சியைச் சமையல் அடுப்புக்குக் கொண்டுவந்தார். 1986-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அந்த உரிமை 2006-ல் முடிந்தது. உடனே பல நிறுவனங்கள் களத்தில் குதித்தன. போட்டி வந்தது, விலை இறங்கியது. இன்று மலிவு விலை அடுப்புகளில் பெரும்பாலானவை சீனாவில் தயாராகின்றன. அமெரிக்காவில் சுமார் 400 டாலருக்கே, அதாவது ஏறக்குறைய 35 ஆயிரம் ரூபாய்க்கே, ஒரு சிறிய அடுப்பு கிடைக்கிறது. இங்கே வந்து சேரும்போது கப்பல் கூலியும் சுங்க வரியும் அதன் தலையில் ஏறிவிடும்.

மலிவு எப்படி வருகிறது?

இரும்புத் தகட்டை வெட்டி, வளைத்து, பற்றவைத்து உடலைச் செய்கிறார்கள். எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி, தூள் வர்ணத்தை மின்சாரத்தின் உதவியால் தெளித்து, சூளையில் வாட்டுகிறார்கள். நம் வீட்டு இரும்பு பீரோக்கள் பலவற்றுக்கு வர்ணம் ஏறுவதும் இப்படித்தான்.

விலையைக் குறைக்க மூன்று இடத்தில் கை வைப்பார்கள். தகட்டை மெல்லியதாக்குவார்கள். துருப்பிடிக்காத எஃகுக்குப் பதில் சாதா இரும்பு போடுவார்கள். சூட்டை அடக்கும் கருவியை எளியதாக வைப்பார்கள்.

இதில் சென்னைவாசிகளுக்கு ஒரு லாபம் உண்டு. கனத்த தகடு பனிநாட்டுக்குத்தான் அவசியம். நம் ஊர் வெயிலில் மெல்லிய தகடும் சூட்டைக் காக்கும். நமக்குப் பகை துருதான். ஆகவே தீக்கிண்ணமும் சுடும் கம்பிச் சட்டமும் துருப்பிடிக்காத எஃகா என்று பாருங்கள். பணத்தை அதற்குக் கொடுங்கள்.

4 லட்சம் அடுப்புகளின் கதை

இப்போது அந்தக் கதைக்கு வருவோம்.

விறகுப் புகை பெண்களின் நெஞ்சை அரிக்கிறது. வீட்டுப் புகையால் 2020-ம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது.

இதற்கு வழிகாண பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பேராசிரியர் எச்.எஸ்.முகுந்தாவும் அவருடைய குழுவினரும் பாடுபட்டார்கள். குச்சியில் எரியும் சமையல் அடுப்பு ஒன்று பிறந்தது. அதன் பெயர் ‘ஊர்ஜா’. வாளி போன்ற உருவம். உள்ளே ஒரு சிறு விசிறி. அதை ஓட்ட பாட்டரி. வேர்க்கடலை ஓடு, கரும்புச் சக்கை முதலியவற்றால் செய்த குச்சிதான் அதன் தீனி. புகை மிகக் குறைவு.

பி.பி. என்ற பெரிய எண்ணெய்க் கம்பெனி 2006-ல் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தமிழ்நாடு, கர்நாடகம், மகாராஷ்டிரம் முதலிய மாநிலங்களில் கிராமத்துப் பெண்களே முகவர்களாக நின்று விற்றார்கள். சுமார் 4 லட்சம் அடுப்புகள் விற்றன!

பிறகு என்ன நடந்தது?

அடுப்பில் குறை இல்லை. தீனியில் குறை வந்தது. கரும்புச் சக்கைக்கும் கடலை ஓட்டுக்கும் தொழிற்சாலைகளிலும் கிராக்கி ஏற்பட்டது. குச்சியின் விலை ஏறியது. 2009-ல் பி.பி. விலகியது. புனேயைச் சேர்ந்த ‘பர்ஸ்ட் எனர்ஜி’ என்ற நிறுவனம் பொறுப்பேற்றது. அதுவும் பின்னர் ஓட்டல்களின் பக்கம் கவனத்தைத் திருப்பியது. பல வீடுகளில் அந்த நல்ல அடுப்பு பரணுக்குப் போனது. பெண்கள் மறுபடியும் விறகைத் தேடினார்கள்.

இந்தக் கிராக்கி இன்றும் இருக்கிறது. அனல் மின் நிலையங்களில் நிலக்கரியோடு 5 சதவீதம் இப்படிப்பட்ட குச்சிகளைக் கலந்து எரிக்கும் கொள்கையை மத்திய அரசு 2021 அக்டோபரில் அறிவித்தது. ஆக, நாட்டில் குச்சி தயாராவது உண்மை. கோவை வட்டாரத்திலும் தயாரிக்கிறார்கள். ஆனால் அந்தக் குச்சி எல்லாம் உங்கள் அடுப்புக்கு ஆகுமா?

எந்தக் குச்சி நல்லது?

ஆகாது! பாய்லருக்குப் போகும் குச்சி வேறு. பண்டம் சுடும் குச்சி வேறு.

நெல் உமியில் செய்த குச்சி ஐந்தில் ஒரு பங்கு வரை சாம்பலாகும். தீக்கிண்ணம் அடைத்துக்கொள்ளும். நல்ல மரக்குச்சியில் சாம்பல் நூற்றில் ஒரு பங்குகூட இராது.

பிளைவுட் தூள், வர்ணம் பூசிய பழைய மரம், கறையானுக்கு மருந்து அடித்த மரம் ஆகியவற்றில் செய்த குச்சியின் புகை விஷம். அது உங்கள் உணவில் படியும். ஆகவே ‘உணவு சுடுவதற்கென்றே கடின மரத்தில் செய்தது’ என்று மூட்டையில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

குச்சியை ஒடித்துப் பாருங்கள். ‘டப்’ என்று ஒடிய வேண்டும். மேலே பளபளப்பு இருக்க வேண்டும். மூட்டையின் அடியில் தூள் அதிகம் இருந்தால் வாங்காதீர்கள்.

கணக்குப் போடுங்கள்

சாதாரணச் சூட்டில் இந்த அடுப்பு மணிக்குச் சுமார் ஒரு கிலோ குச்சி தின்னும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாதம் இரண்டு ஞாயிறு, ஒவ்வொரு ஞாயிறும் மூன்று மணி நேரம் எரித்தால் 6 கிலோ. வருஷத்துக்கு 72 கிலோ. உங்களுக்குக் கிடைக்கும் குச்சியின் விலையை, வண்டிக் கூலி சேர்த்து, இந்த 72 ஆல் பெருக்குங்கள். அந்தத் தொகையை அடுப்பின் விலையோடு கூட்டுங்கள். அதுதான் முதல் வருஷத்தின் உண்மையான விலை!

கடற்காற்றும் மழையும்

குச்சிக்கு நீர் பகை. ஒரு குச்சியைத் தண்ணீரில் போட்டால் சிறிது நேரத்தில் ஊதி, மறுபடி தூளாகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மூட்டையைத் திறந்து வைத்தால் அவ்வளவுதான். இறுக மூடும் டப்பாவில் கொட்டிவையுங்கள். அடுப்பின் பெட்டியிலும் மிச்சம் விடாதீர்கள். ஈரக் குச்சி ஊதித் திருகில் இறுகிவிடும்.

கடலோரத்தில் குடியிருப்பவர்களுக்குத் துருவைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பெசன்ட் நகரில் ஜன்னல் கம்பியே அரித்துப் போகிறதே! அடுப்புக்கு நல்ல உறை அவசியம்.

உயிருக்கு ஆபத்து

மூடிய அறையிலோ, கண்ணாடி அடைத்த பால்கனியிலோ இந்த அடுப்பை எரிக்கவே கூடாது. எரியும் மரத்திலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வரும். அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. ஆளைக் கொன்றுவிடும். திறந்த மொட்டை மாடியே ஏற்ற இடம். அடுக்குமாடி வீடு என்றால், மற்றவர்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் புகை மேல் வீட்டுக் குழந்தைக்கு இருமலைக் கொடுக்கக் கூடாது.

உள்ளே சொட்டும் கொழுப்பு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். மூடியை மூடி, மின்சாரத்தை நிறுத்துங்கள். சாம்பலை நன்றாக ஆறிய பிறகே அள்ளுங்கள்.

கடையில் கேளுங்கள்

1. இது 230 வோல்ட்டில் ஓடுமா? அமெரிக்க அடுப்பு 120 வோல்ட்டுக்குச் செய்தது. அப்படியே சொருகினால் கெட்டுவிடும்.

2. பற்றவைக்கும் கம்பி, விசிறி, மோட்டார் பழுதானால் மாற்றுச் சாமான் சென்னையிலேயே கிடைக்குமா?

3. இதற்கேற்ற குச்சி இப்போது கையிருப்பில் உண்டா? அடுத்த மாதமும் கிடைக்குமா?

4. நடுவில் மின்சாரம் போனால் என்ன செய்வது?

மூன்றாம் கேள்விக்குக் கடைக்காரர் தயங்கினால், நீங்களும் தயங்குங்கள்.

எளிய வழியும் உண்டு

மெரினாவில் சோளக்கதிர் சுடுகிறவரிடம் மோட்டார் இல்லை, வெப்பமானி இல்லை. கரி இருக்கிறது, காற்று இருக்கிறது. அவர் சுடும் கதிரின் ருசிக்கு என்ன குறை?

ஆண்டுக்கு நாலைந்து முறைதான் சுடப் போகிறீர்கள் என்றால், கரி போடும் சாதாரண இரும்பு அடுப்பே போதும். வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்துகொள்ளலாம். துத்தநாகம் பூசிய தகடு மட்டும் வேண்டாம். சூட்டில் அதன் ஆவி கெடுதல். ரசாயனம் இருந்த பழைய டிரம்மும் கூடாது.

அடிக்கடி சுடுகிறவர்கள், திறந்த மாடி உள்ளவர்கள், குச்சிக்கு உறுதியான வழி கண்டவர்கள் பெல்லட் கிரில்லைத் தாராளமாக வாங்கலாம். மற்றவர்கள் அடுப்புக்கு முன்னால் குச்சியைத் தேடட்டும். ஒரு மூட்டை குச்சி எளிதில் கிடைத்தால், அடுப்பை அதற்குப் பிறகு வாங்கலாம்!